பன்னிரண்டு பேரை நீக்க மறுத்த கிளப்

நேயர்களுக்கு வணக்கம்.

1924-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி, பிரேசிலின் அன்றைய தலைநகரான ரியோ டி ஜெனீரோவில், ஒரு கால்பந்து கிளப்பின் தலைவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். சின்னக் கடிதம்தான். எங்கள் ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேரை நீக்கினால்தான் உங்கள் சங்கத்தில் இடம் என்றால், அந்த இடமே எங்களுக்கு வேண்டாம் என்பது அதன் சாரம். எழுதியவர் ஜோசே அகஸ்டோ பிரெஸ்டெஸ். கிளப்பின் பெயர் வாஸ்கோ ட காமா.

ஆமாம், அதே வாஸ்கோ ட காமாதான். 1498-இல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கியவர். 1502-இல் மறுபடி வந்தபோது மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பயணிகளைக் கப்பலோடு கொளுத்தியவர். நம் பக்கத்துக் கடற்கரையில் யாரும் ஆசையாக வைக்கிற பெயரல்ல. ஆனால் ரியோவில் குடியேறியிருந்த போர்த்துக்கீசியர்களுக்கு அவர் ஊர்ப் பெருமை. அந்தக் கடற்பயணத்தின் நானூறாவது ஆண்டான 1898-இல், ஆகஸ்ட் 21 அன்று, அவர் பெயரில் ஒரு கிளப் தொடங்கினார்கள். கால்பந்துக்கு அல்ல, படகுப் போட்டிக்கு.

இந்தப் போர்த்துக்கீசியர்களில் பலர் கடைக்காரர்கள், கடைச் சிப்பந்திகள். பழைய பணக்காரக் குடும்பங்களின் பார்வையில் மளிகைக்கடை ஆட்கள். 1904-இல் கண்டிடோ ஜோசே டி அரவுஜோ என்பவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் கலப்பினத்தவர். அடிமை முறை ஒழிந்து பதினாறே வருடம் ஆகியிருந்த நாட்டில் அது சாதாரண விஷயமில்லை.

கால்பந்துக்கு 1915-இல்தான் வந்தார்கள். 1916-இல் ஆடிய முதல் ஆட்டத்தில் பத்துக்கு ஒன்று என்று தோற்றார்கள். கீழ்ப் பிரிவுகளில் உருண்டு புரண்டு, 1922-இல் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தார்கள். மறு வருடமே ரியோ சாம்பியன்!

அந்த 1923 அணியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கோல்கீப்பர் நெல்சன் டாக்சி ஓட்டியவர். மற்றவர்களில் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர் உண்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர் உண்டு, லாரி ஓட்டுபவர் உண்டு. கறுப்பர்கள், கலப்பினத்தவர், ஏழை வெள்ளையர் எல்லாரும் ஒரே கறுப்புச் சட்டையில். ரமோன் பிளாட்டெரோ என்ற உருகுவேக்காரர் பயிற்சியாளர். அவர் இவர்களை ஓட ஓட விரட்டிப் பழக்கினார். மாலையில் கிளப்புக்கு வந்து ஒப்புக்குப் பந்து உதைக்கும் கனவான்கள் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கி நிற்க, வாஸ்கோ அப்போதுதான் ஆட ஆரம்பிக்கும்.

அன்று கால்பந்து அமெச்சூர் விளையாட்டு. ஆடுவதற்குச் சம்பளம் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி இருப்பவன் மட்டும் ஆடட்டும் என்றுதானே அதற்கு அர்த்தம்? வாஸ்கோவின் வணிகர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்களைத் தங்கள் கடைக் கணக்கில் வேலையாட்களாகக் காட்டினார்கள். ஜெயித்தால் கையில் கொஞ்சம் பணம். அந்தப் பணத்துக்கு, விலங்குப் படம் வைத்து ஆடும் தெருச் சூதாட்டத்திலிருந்து நாய், மாடு என்று ரகசியப் பெயர்கள். வெற்றிக்குக் கிடைக்கும் போனஸை பிரேசிலில் இன்றும் 'பிஷோ', அதாவது விலங்கு, என்றுதான் சொல்கிறார்கள்.

பெரிய கிளப்புகளுக்கு இது பொறுக்கவில்லை. ஃப்ளுமினென்ஸ், ஃபிளமெங்கோ, பொட்டாஃபோகோ, அமெரிக்கா என்ற கிளப்புகள் எல்லாம் பழைய லீகை விட்டு வெளியேறி, 1924-இல் 'அமேயா' என்று புதுச் சங்கம் அமைத்தன. அதற்குத் தலைவர் அர்னால்டோ கின்லே. சாண்டோஸ் துறைமுகத்தை நடத்திய குடும்பம் அது. கோபகபானா பேலஸ் ஹோட்டலும் அப்போது அவர்களுடையதுதான். புதுச் சங்கம் ஆட்டக்காரர்களின் தொழிலையும் படிப்பையும் துருவியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இடமில்லை. வாஸ்கோவில் ஆட்டக்காரர்களை உட்காரவைத்துக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். கறுப்பர்கள் கூடாது என்று விதியில் எங்கும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

பன்னிரண்டு பேரை நீக்கச் சொன்ன அந்தச் சங்கத்துக்குத்தான் பிரெஸ்டெஸின் பதில். விளக்கம் சொல்லக்கூட வாய்ப்புத் தராமல் இந்தப் பன்னிரண்டு பேரையும் விசாரித்திருக்கிறீர்கள். இவர்கள் வாழ்க்கையைத் தொடங்கும் இளைஞர்கள். இவர்கள்மேல் கறை படியச் செய்யும் காரியத்துக்கு எங்கள் கிளப் துணை போகாது என்று எழுதினார். வாஸ்கோ பழைய லீகிலேயே தங்கி, அந்த வருடம் தோல்வியே இல்லாமல் சாம்பியன் ஆனது. அடுத்த வருடம் அமேயாவே இறங்கிவந்து சேர்த்துக்கொண்டது. கூட்டம் வாஸ்கோ பக்கம் இருந்தது, டிக்கெட் பணமும் அங்கேதான்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். கறுப்பரை ஆடவைத்த முதல் கிளப் வாஸ்கோ என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. பாங்கு என்ற ஆலைத் தொழிலாளர் கிளப் 1905-இலேயே அதைச் செய்துவிட்டது. வாஸ்கோ செய்தது வேறு: அப்படிப்பட்ட ஓர் அணியை வைத்துக் கோப்பையைத் தூக்கியது, பிறகு அந்த ஆட்களை விட்டுக்கொடுக்க மறுத்தது. சமூக நீதியும் உண்டு, ஜெயிக்கும் ஆசையும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு அவசியம் தெரியவில்லை.

சொந்த மைதானம் இல்லையே என்பது இன்னொரு குத்தல். உறுப்பினர்களிடமும் ரசிகர்களிடமும் வசூல் செய்தே சாவ் ஜானுவாரியோ மைதானத்தைக் கட்டினார்கள். 1927 ஏப்ரல் 21 அன்று திறப்பு விழா. நாட்டின் அதிபரே வந்திருந்தார். சாண்டோஸ் அணி 5-3 என்று வீட்டுக்காரர்களைத் தோற்கடித்துவிட்டுப் போனது, அது வேறு கதை. 1930-இல் மாண்டிவிடியோவில் சென்டெனாரியோ மைதானம் வரும்வரை தென் அமெரிக்காவில் இதுதான் பெரிய மைதானம். பின்னாளில் அதிபர் வர்காஸ் மே தினத்தில் தொழிலாளர்களிடம் பேசியது இங்கே. இசையமைப்பாளர் வில்லா லோபோஸ் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளைச் சேர்ந்து பாடவைத்ததும் இங்கேதான்.

1940-களில் வாஸ்கோ அணிக்கு 'வெற்றி எக்ஸ்பிரஸ்' என்று பெயர். 1948-இல் சாண்டியாகோவில் நடந்த தென் அமெரிக்க சாம்பியன் கிளப்புகளின் போட்டியில், டி ஸ்டெஃபானோ ஆடிய அர்ஜென்டினா கிளப் ரிவர் பிளேட்டைக் கோல் இல்லாமல் சமன் செய்து, புள்ளிக் கணக்கில் கோப்பையை வென்றது. கோல்கீப்பர் பார்போசா, கறுப்பர். 1950 உலகக் கோப்பையில் உருகுவேயிடம் பிரேசில் தோற்றபோது களத்தில் வாஸ்கோ ஆட்கள் ஐந்து பேர். ஆனால் பழி பார்போசா தலையில்தான் அதிகம் விழுந்தது. இந்த நாட்டில் குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனை முப்பது வருடம், நான் ஐம்பது வருடமாக அனுபவிக்கிறேன் என்று கடைசிக் காலத்தில் சொன்னார். 2000-இல் இறந்தார். மளிகைக்கடைக் கிளப் 1924-இல் ஜெயித்த வழக்கு நாடு முழுவதற்கும் செல்லவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்புறம் ராபர்டோ டினமைட், ரொமாரியோ என்ற முன்கள ஆட்டக்காரர்களின் காலம். நான்கு முறை தேசிய சாம்பியன். நூற்றாண்டு நிறைந்த 1998-இல் தென் அமெரிக்க கிளப்புகளுக்கான லிபர்டடோரஸ் கோப்பை. 2008-இலிருந்து நான்கு முறை இரண்டாம் பிரிவுக்கு இறங்கியதும் உண்டு. 2022-இல் கால்பந்துப் பிரிவை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றார்கள், அதுவும் வழக்கில் போய் நின்றது.

2023 ஜூனில் ஒரு தோல்விக்குப் பின் ரசிகர்கள் கலவரம் செய்ய, நீதிமன்றம் சாவ் ஜானுவாரியோவுக்குள் பார்வையாளர்களைத் தடுத்தது. கலவரம் கலவரம்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதற்குச் சொன்ன காரணங்களில், மைதானத்தை ஒட்டி பரேரா டோ வாஸ்கோ குடிசைப் பகுதி இருப்பதும் ஒன்று. ஆட்ட நாளில் பீரும் தீனியும் விற்றுப் பிழைத்த அந்தத் தெருக்காரர்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. ரசிகர்களும் குடியிருப்பவர்களும் சேர்ந்து போராடினார்கள். செப்டம்பரில் கதவு திறந்தது. டிசம்பரில் கடைசி ஆட்டத்தில், அதே மைதானத்தில் பிரகான்டினோ அணியை 2-1 என்று வென்றுதான் வாஸ்கோ முதல் பிரிவில் தலை தப்பியது.

நன்றி, வணக்கம்.