பாலை பழுக்கிற காட்டுக்குப் போகுமுன்

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைத் தாண்டி மேற்கே போனால் வயல் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் கரடியனாறு, புல்லுமலை என்று போகலாம். கிரானிலிருந்து குடும்பிமலைப் பக்கம் போகலாம். தெற்கே பொத்துவிலிலிருந்து மொனராகலை வீதியில் லாகுகலவுக்குப் போகலாம். எங்கே போனாலும் நாம் நுழைவது பெரும்பாலும் ஒரே வகைக் காட்டுக்குள்தான். போய் வந்தவர்களைக் கேட்டால் "யானை கண்டோம்" என்பார்கள், அல்லது "ஒன்றுமே காணேல்ல" என்பார்கள். நாள் முழுக்கத் தலைக்கு மேலே நின்ற மரங்களைப் பற்றிப் பேச்சே வராது. எந்த மாதம் போகலாம், யானை எங்கே நிற்கும், கரடி எப்போது வரும், தண்ணீர் எங்கே கிடக்கும் என்பதையெல்லாம் இந்தக் காட்டில் மரம்தான் சொல்லும். ஆகவே மரத்திலிருந்தே தொடங்குவோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வீதியோரமாக ஒரே உயரத்தில், வரிசை பிசகாமல், முறம் போன்ற பெரிய இலைகளோடு நிற்பது காடல்ல, தேக்கந்தோட்டம். தேக்கு இந்தத் தீவின் சொந்த மரமல்ல, நட்டு வளர்த்தது. கோடையில் இலை முழுவதையும் கொட்டிவிடும், அந்தச் சருகில் தீ சுலபமாகப் பற்றும், அடியில் செடிகொடி அதிகம் இராது. காடு பார்க்க வந்தோம் என்று அதற்குள் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பலர். இரண்டாவது, பழைய சேனை நிலம். சூரை முள், நாயுண்ணி, ஆளுயரப் பற்றை, இடையிடையே இலுக்குப் புல், இவை நெருங்கிக் கிடந்தால் அது வெட்டி எரித்துப் பயிரிட்டுக் கைவிட்ட நிலம். மரக்காடு திரும்பிவரப் பல பத்தாண்டுகள் எடுக்கும்.

உண்மையான காட்டுக்குள் நுழைந்ததும் நிழல் மாறும். அடியில் பற்றை குறையும், மேலே கிளைகள் கூடும். இங்கே மழை ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. சித்திரையில் ஓரிரு மழை, அதற்குப் பிறகு தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசி நிலத்தை உலர்த்தும். அவ்வளவு காய்ச்சலிலும் பெரும்பாலான மரங்கள் பச்சையாகவே நிற்கின்றன. இலை சிறிது, தடிப்பு, மேலே பளபளப்பு. நீர் எளிதில் வெளியேறாது. வேரும் ஆழம். முதிரை போன்ற சில மட்டும் கோடையில் இலை உதிர்க்கும்.

அடையாளம் காண ஐந்து மரம் போதும். முதலாவது பாலை. பட்டை கருமை, கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். இலையின் நுனி கூராக இராது, உள்ளே சற்று வெட்டுப்பட்டிருக்கும். கிள்ளினால் பால் வரும். மற்ற மரங்களுக்கு மேலே குடை பிடித்தாற்போல் நிற்பது அநேகமாக இதுதான். இரண்டாவது வீரை. அடிமரம் உருண்டையாக இராது. பல கயிறுகளைச் சேர்த்து முறுக்கியதுபோல் பள்ளமும் மேடுமாக இருக்கும். ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். இதில் ஆண் மரமும் பெண் மரமும் வேறு வேறு. நாலு வீரை நிற்கிற இடத்தில் இரண்டு மட்டும் சிவந்த பழத்தோடு நிற்பதைக் கண்டு மற்றவை பட்டுப்போகின்றன என்று நினைக்க வேண்டாம். மூன்றாவது முதிரை: தடித்து வெடித்த பட்டை, சிறு சிறு இலைகளைக் கோத்த கூட்டிலை. இதன் தூள் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும் என்பது தச்சருக்குத் தெரியும். நான்காவது கருங்காலி. வெளிப்பட்டையும் கருமையானதுதான், ஆனால் பேர்போன கறுப்பு நடுவைரத்தில் மட்டுமே; சுற்றியிருக்கும் மரம் வெளிர் நிறம். இந்த நடுவைரத்துக்காகவே வெட்டி அழித்தார்கள். பெரிய கருங்காலி ஒன்றைக் கண்டால் அந்த இடத்தைக் கண்டவரிடமெல்லாம் சொல்லாமல் இருப்பது மரத்துக்கு நல்லது.

ஐந்தாவது மருது. ஆறும் ஓடையும் இருக்கிற இடத்தில்தான் நிற்கும். வெளிறிய வழவழப்பான பட்டை, செதிலாக உரியும். வேர் கரையைப் பிடித்து ஆற்றுக்குள் இறங்கியிருக்கும். சிங்களத்தில் இதன் பெயர் கும்புக்; குமண காட்டின் எல்லையில் ஓடும் கும்புக்கன் ஆறு அந்தப் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆடியில் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுவழி நடக்கிற அடியார்கள் இளைப்பாறுவதும் இந்த நிழலில்தான். ஆறு வற்றிக் கிடக்கும்போதும் மருதங்கரையில் மணலைத் தோண்டினால் நீர் ஊறும். யானையும் அப்படித் தோண்டும். ஆகவே மருதமரத்து வரிசை தண்ணீருக்கு அடையாளம், யானைக்கும் அடையாளம்.

எப்போது போவது? மாசியிலும் பங்குனியிலும் போவதுதான் நல்லது என்பேன். மழை ஓய்ந்திருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும், நீர் எங்கும் கிடப்பதால் யானைகள் ஒரே இடத்தில் குவியமாட்டா. குளிர்காலத்தில் இங்கே வந்து தங்கும் ஆறுமணிக் குருவி இன்னும் வடக்கே திரும்பியிராது; விடியலிலும் மாலையிலும் சருகுக்குள்ளிருந்து அதன் இரட்டை விசில் கேட்கும். கார்த்திகை, மார்கழியில் போக வேண்டாம். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் எறித்தாலும் மேற்கே மலைப்பக்கத்தில் பெய்த மழை முந்தேனி ஆற்றிலும் அதன் ஓடைகளிலும் திடீரென்று இறங்கும். காலையில் முழங்கால் அளவில் கடந்த ஓடையை மாலையில் கடக்க முடியாமல் போகும்.

வைகாசி முதல் ஆடி வரை பாலையும் வீரையும் பழுக்கிற காலம். காடு மிக அழகாக இருப்பதும் அப்போதுதான், ஆபத்துக் கூடுவதும் அப்போதுதான். பாலைப்பழம் மஞ்சள் நிறம், சிறு விரல் நுனி அளவு, தேன்போல் இனிப்பு. பால் உதட்டில் ஒட்டும். இருவாச்சிகள் கூட்டமாக வரும். முசுக் குரங்கு மேலே உட்கார்ந்து பாதியைத் தின்று பாதியைக் கொட்டும். கொட்டியதைத் தின்னப் புள்ளிமான் கீழே வரும். அதே பழத்துக்குக் கரடியும் வரும், மரத்தின் மேலும் ஏறும். இக்காட்டில் யானையைவிடக் கரடிக்கே கூடுதலாகப் பயப்பட வேண்டும் என்று தேனெடுக்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கரடிக்குப் பார்வையும் கேள்வியும் குறைவு, மூக்கு மட்டுமே கூர்மை. தின்பதில் மூழ்கியிருக்கும்போது ஆள் கிட்டப் போய்விட்டால் திடுக்கிட்டு முகத்தைப் பார்த்துப் பாயும். அடிமரத்தில் புதிய நகக்கீறல், தோண்டிப் பிரித்த கறையான் புற்று, பழக்கொட்டை நிறைந்த எச்சம், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தப் பாலையைச் சுற்றிப் போங்கள்.

"காட்டுக்குள் சத்தம் போடக்கூடாது" என்று எல்லோரும் சொல்வார்கள். வெட்டையில், குளக்கரையில் யானையைத் தூரத்தே பார்க்கும்போது அது சரி. பத்து மீற்றருக்கு அப்பால் தெரியாத அடர்காட்டில் மௌனமாக நடப்பது பிழை. வழக்கமான குரலில் பேசிக்கொண்டு போங்கள். கூச்சலும் வேண்டாம், பாட்டுப்பெட்டியும் வேண்டாம். மனிதக் குரல் முன்கூட்டியே கேட்டால் யானையும் கரடியும் பெரும்பாலும் தாமாகவே விலகும்.

யானைக்கு வேறு சில குறிப்பு. இலத்தி ஈரமாக மினுங்கி, கையை அருகில் வைத்தால் சூடு தெரிந்தால் யானை பக்கத்தில் நிற்கிறது. கிளை முறியும் சத்தம், காது அடிக்கும் சத்தம், வயிற்றுக்குள் உறுமல், இவை கேட்டால் நின்று ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பாருங்கள். உங்களிடமிருந்து அதை நோக்கிக் காற்று வீசினால் வந்த வழியே திரும்புங்கள். வெட்டையிலும் குறைந்தது நூறு மீற்றர் விலகி நில்லுங்கள். ஓடித் தப்பலாம் என்று எண்ண வேண்டாம்; யானை மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் வரக்கூடியது. முன்னங்காலின் தடத்தைக் கயிற்றால் சுற்றியளந்து இரண்டால் பெருக்கினால் அதன் தோள் உயரம் கிட்டத்தட்ட வரும். பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குப் பிடிக்கும். காய்ந்த பழைய தடத்தில் மட்டும் அளக்க விடுங்கள்.

மிருகம் போகிற ஒற்றையடித் தடத்தில் நடக்க வேண்டாம் என்பதற்கு மிருகம் மட்டும் காரணமல்ல. பன்றிக்கும் மரைக்கும் கட்டுத்துவக்கு வைப்பது சட்டவிரோதம், ஆனாலும் வைக்கிறார்கள். முழங்கால் உயரத்தில் தடத்துக்குக் குறுக்கே மெல்லிய நூலோ கம்பியோ கட்டியிருக்கும். கால் பட்டால் வெடிக்கும். காட்டோர வயல்களில் வீட்டு மின்சாரத்தைத் திருட்டுத்தனமாகக் கம்பியில் விடுகிறவர்களும் உண்டு. முறையான யானை வேலியில் மின்சாரம் விட்டுவிட்டு வரும், உதறித் தள்ளும். திருட்டுக் கம்பி ஆளைக் கொல்லும். எந்தக் கம்பியையும் தொடாதீர்கள். யானை வேலியின் படலைத் திறந்து போனால் மூடிவிட்டுப் போங்கள். துருப்பிடித்த இரும்புப் பொருள் எதுவானாலும் கிடந்த இடத்தில் கிடக்கட்டும்; போர் நடந்த மண் இது.

அனுமதி பற்றிச் சுருக்கமாக. காடு இரண்டு திணைக்களங்களின் கையில் இருக்கிறது. ஒதுக்குக் காடு என்றால் வன இலாகா, தேசியப் பூங்கா என்றால் வனசீவராசிகள் திணைக்களம். எது யாருடையது என்பதை முதலே விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். நடக்கத் தெம்பில்லாதவர்களுக்கு இரண்டு இடம் சொல்வேன். லாகுகலவில் பிரதான வீதியே காட்டை ஊடறுத்துப் போகிறது. ஆடி ஆவணியில் குளத்துப் புல்லுக்கு யானை இறங்கும். இங்கினியாகலையில் 1954இல் அமைந்த கல்லோயா தேசியப் பூங்காவில் சேனாநாயக்க சமுத்திரத்தில் படகிலேயே காட்டைப் பார்க்கலாம். அங்குள்ள புல்வெளிகளில் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் நிற்கின்றன. திரிபலாவை மரமாகப் பார்க்க விரும்புகிற வைத்தியர்கள் அங்கே போகலாம்.

நடந்து போவதானால் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். முன்னால் அந்தப் பகுதி ஆள் ஒருவர், தேனெடுக்கிறவரோ பட்டி மாடு மேய்க்கிறவரோ, நடக்கட்டும். அவருக்குரிய கூலியை முதலே பேசிக்கொள்ளுங்கள். வெளிச்சம் நன்றாக வந்தபின் உள்ளே போய், பின்னேரம் மூன்றரைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். மரத்தைப் பார்த்து நடந்தால் மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் போகாது. போய்வர ஐந்து கிலோமீற்றர் தாராளம். ஆளுக்கு மூன்று முதல் நாலு லீற்றர் தண்ணீர், இரண்டு பொதி ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்). குளத்து நீரைக் குடிக்க வேண்டாம். சப்பாத்து கணுக்காலை மூட வேண்டும்; கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். விழுந்த மரத்தைத் தாண்டும்போது முதலில் அதன்மேல் ஏறி நின்று மறுபக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள். முத்திரைப் புடையன் (கண்ணாடி விரியன் பாம்பு) அந்த நிழலில்தான் சுருண்டு கிடக்கும். கடித்தால் இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. கடிபட்ட காலை அசையாமல் தடி வைத்துத் தாங்கி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை.

திரும்பி வந்ததும் சப்பாத்தின் அடியைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு காட்டின் களைவிதை அடுத்த காட்டுக்குப் போவது இப்படித்தான். உடுப்பை வெந்நீரில் போட்டு, உடம்பில் உண்ணி தேடுங்கள்: அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்புறம். ஒட்டியிருந்தால் சாவணத்தால் தோலோடு சேர்த்துப் பிடித்து நேராக, மெல்ல இழுக்க வேண்டும். நெருப்பு வைப்பதும் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். ஒன்று இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் கடும் தலையிடியும் வந்து, உடம்பில் எங்காவது நோவில்லாத சிறு கறுப்புப் பொருக்கு இருந்தால், அது மிகச் சிறிய சிற்றுண்ணி கடித்து வருகிற உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உரிய மருந்து கொடுத்தால் சீக்கிரம் இறங்கிவிடும். ஆனால் டெங்கு என்றே முதலில் நினைப்பார்கள். வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல், காட்டுக்குப் போன திகதியை நீங்களே சொல்லி, அந்தப் பொருக்கையும் காட்டுங்கள்.

வணக்கம்.