ஜீப் வேண்டாம், வரம்பு போதும்

நடுவர் அவர்களே, "பறவை பார்க்கச் சிறந்த இடம் சரணாலயமா, நம்ம வயல்வெளியா?" என்பது தலைப்பு. நான் வயல் பக்கம். திருகோணமலையில், அதுவும் தம்பலகாமத்தில் நின்றுகொண்டு வேறு எந்தப் பக்கம் பேசுவது?

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி நம்மையெல்லாம் ஜீப்பில் ஏற்றி குமணவுக்கும் வில்பத்துக்கும் கூட்டிக்கொண்டு போனார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போகிற போக்கில் "வயலில் கொக்கைத் தவிர என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டார். தம்பி, எந்தக் கொக்கு? உழவு மெஷினுக்குப் பின்னால் ஓடி ஓடிப் பூச்சி பொறுக்குகிற உண்ணிக்கொக்கா, இல்லை சேற்று நிறத்தில் வரம்போடு வரம்பாகக் குந்தியிருந்துவிட்டு, நாம் மிதிக்கப் போகிற நேரத்தில் வெள்ளை வெளேரென்று சிறகை விரித்துக் கிளம்புகிற குருட்டுக்கொக்கா? பெரும்போகத்துக்குத் தண்ணீர் கட்டியிருக்கும்போது வந்து பாருங்கள். நாங்கள் பொதுவாக உள்ளான் என்று சொல்லிவிட்டுப் போகிற கூட்டத்தில், சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு வந்த பொன்னிற உப்புக்கொத்தியும் நிற்கும்.

சரி, தூக்கணாங்குருவிக்கு வருவோம். ஆண் குருவி நெல்லோலையின் ஓரத்தைக் கொத்திப் பிடித்து, அப்படியே பறந்து நாராகக் கிழித்துக்கொண்டு போகும். முழுக் கூட்டையும் ஒரே மூச்சில் கட்டாது. ஹெல்மெட் மாதிரிப் பாதி வந்ததும் உள்ளே கொஞ்சம் ஈரக் களிமண்ணை அப்பிவிட்டு, அதில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே பார்க்கும். பிடிக்கவில்லையா, அடுத்த கூட்டுக்குப் போய்விடும். பிடித்தால்தான் மிச்ச வேலையும் வாசல் குழாயும். நம்ம பக்கத்தில் சீதன வீடு கட்டி முடிப்பதற்குள் பெண்ணைப் பெற்றவருக்குத் தலை நரைத்துவிடுகிறது. அங்கே மாப்பிள்ளையே கட்டுகிறார், அதுவும் பெண் ஓம் என்றால்தான்! இதெல்லாம் ஒரு நாளில் நடக்கிற காரியமா? தண்ணீர் பார்க்கப் போகிறவர் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறார். ஜீப்பில் போகிறவருக்குக் கிடைப்பது தொங்குகிற கூடு மட்டும்தான்.

சிறுத்தை பார்க்க வில்பத்துதான், ஒப்புக்கொள்கிறேன். யானைக்கு நாம் எங்கேயும் போக வேண்டாம், அதுவே ராவோடு ராவாக வயலுக்கு வந்துவிடும். ஆனால் விளைந்த வயலைப் பறிகொடுத்தவரிடம் போய் அதை ரசிக்கச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

"வயலில் மருந்தடிக்கிறார்களே, பறவை எப்படி நிற்கும்?" என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் போகம் கொக்கு குறைந்துவிட்டது என்று முதலில் கண்டுபிடிக்கப் போவது யார்? சரணாலயத்திலாவது கவனிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். எங்கள் வயலில் ஆள்காட்டி முட்டையிடாமல் போனால், தினமும் அந்த வரம்பில் நடக்கிற எங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், இறங்குகிறேன்.