நந்திக்கடலில் ஒரு விடியற்காலை

நேயர்களுக்கு வணக்கம். முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பு என்றதும் பலருக்கும் போர் முடிந்த 2009 மே மாதம்தான் கண்முன் வரும். எனக்கும் அப்படித்தான். ஆனால் அதே தண்ணீரில் அதற்கு முன்னும் பின்னும் மீன்பிடித்துச் சீவிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் வள்ளத்தில் ஏற்றிப்போன கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

ஆசை என் வீட்டுக்காரருடையது. யூடியூப்பில் பார்த்துப் பார்த்து, ரீல் வைத்த தூண்டில் தடியும் ஒரு பெட்டி நிறையப் பிளாஸ்டிக் மீன்களும் வாங்கி வைத்திருந்தார். வட்டுவாகல் பக்கம் தெரிந்த அண்ணை ஒருவர் கூட்டிப்போகச் சம்மதித்தார். தை மாதம், விடிய ஐந்தரை மணி. அண்ணையிடம் இருந்தது சோடாப் போத்தலில் சுற்றிய தங்கூசி எனும் நைலோன் நூலும் வாளியில் உயிர் இறாலும் மட்டும்தான்.

இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. நீளக் கோலை ஊன்றி, சத்தமில்லாமல் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். வற்றுப்பெருக்கு எத்தனை மணிக்கு என்று இவர் கேட்டார். வீடியோவில் அப்படித்தான் கணக்குப் பார்ப்பார்களாம். நம் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு. நந்திக்கடலுக்கு மாரிதான் மணிக்கூடு. வெள்ளம் ஏறி, கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால், உள்ளே வளர்ந்த இறால் கடலுக்கு இறங்கும். இறால் போகிற வழியில்தான் கொடுவா மீன் நிற்கும்.

இறாலைக் கொளுவுவதே ஒரு கைப்பழக்கம். அதன் தலைக்குள் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். தூண்டில் முள் அதில் பட்டால் இறால் செத்துவிடும். அண்ணை வால் பக்கமாகக் குத்தி, தங்கூசியை என் கையில் தந்தார். "தங்கச்சி, கடிச்ச உடனே இழுக்காதேங்கோ" என்றார்.

பக்கத்தில் இவர் பிளாஸ்டிக் மீனை வீசிவீசிக் கண்டல் வேரில் இரண்டைத் தொலைத்தார். சரி, அதை விடுவோம்.

கொடுவா கடிப்பதில்லை. சடாரென்று வாயைத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே இழுக்கும். 'டொப்' என்று ஒரு சத்தம். அடுத்த கணம் தங்கூசி என் சுட்டுவிரலை அறுத்துக்கொண்டு ஓடியது. எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றேனோ தெரியாது, வள்ளத்துக்குப் பக்கத்தில் வெள்ளித்தகடு போல ஒரு முழத்துக்கும் பெரிய மீன் புரண்டது.

இவர் சொன்னார்: "அண்ணை, கொடுவா முதலில் ஆண், வளர்ந்த பிறகுதான் பெண்ணாக மாறும். இது இன்னும் வளர்ந்து முட்டைபோடவேண்டிய மீன். விட்டுவிடுவோம்."

"விடுறதுக்கோ தம்பி இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

வாக்குவாதம் முடிவதற்குள் மீன் தலையை ஒருதரம் உதறியது. கை லேசாகிவிட்டது. அண்ணை தங்கூசியின் நுனியை என் விரலில் தடவிக் காட்டினார். சொரசொரவென்று நைந்திருந்தது. கொடுவாவின் செவுள்மூடி ஓரம் பிளேடு மாதிரி. வாயில் அறுக்கும் பல் இல்லாவிட்டாலும் அதனாலேயே நூலை அறுத்துவிடும்.

அண்ணை வள்ளக்கூலியைப் பேசியதற்குக் குறைவாகத்தான் வாங்கினார். ஆனால் வாளியில் மிஞ்சிய இறாலைக் கறிக்குக் கேட்டபோது, சந்தை விலையில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை.