மவுத் ஆர்கனில் சில துளைகள் மட்டும் காற்றாகக் கேட்கின்றனவே, ஏன்?

வணக்கம். தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். புதிதாக 10 துளை மவுத் ஆர்கன் வாங்கினாராம், சி ஸ்கேல், அதாவது நம் கணக்கில் ஒரு கட்டை. ஊதும்போது எல்லாத் துளையும் சுத்தமாகப் பேசுகிறது. 2, 3 துளைகளில் மூச்சை உள்ளே இழுத்தால் மட்டும் பாதி சுரம், பாதி காற்று. கழற்றிப் பார்க்கலாமா, கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா என்கிறார்.

ரெண்டும் வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். காற்று பெட்டியில், அதாவது மவுத் ஆர்கனில், ஒழுகுகிறதா, உங்களிடம் ஒழுகுகிறதா என்பதை முதலில் பார்ப்போம். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு 2-ஆம் துளையை மெதுவாக இழுங்கள். சுரம் சட்டென்று கெட்டியானால் விஷயம் அவ்வளவுதான்: இவ்வளவு நாளும் மூக்கு வழியாகவும் சேர்த்து இழுத்திருக்கிறீர்கள், ரீடுக்கு, அதாவது உள்ளே அதிர்ந்து சுரம் தரும் மெல்லிய உலோக நாக்குக்கு, போக வேண்டிய காற்று பாதியில் பங்காகிவிடுகிறது. மூக்கைப் பிடித்தே சில நாள் வாசித்தால் உள்நாக்குப் பக்கம் தானாக மூடிக்கொள்ளப் பழகிவிடும்.

அடுத்தது உதடு. பலர் முத்தம் கொடுப்பது போல நுனியில் வைத்து வாசிக்கிறார்கள். அது போதாது. நம் ஊர்க் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் சீவாளியை எவ்வளவு உள்ளே வாங்குகிறார் என்று பார்த்திருப்பீர்கள். அதுபோல உதட்டின் உள்பக்கத்து ஈரமான சதை பெட்டியில் படிய வேண்டும். இந்தச் சித்திரை வெயிலுக்கு உதடு காய்ந்து கிடக்கும், நனைத்துக்கொண்டு தொடங்குங்கள். வாயோரத்தில் உஸ்ஸென்று சத்தம் வந்தால் அங்கேதான் ஓட்டை.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. உங்கள் பெட்டியில் 3-ஆம் துளையை ஊதினால் வருவதும், 2-ஆம் துளையை இழுத்தால் வருவதும் ஒரே ஜி சுரம். இரண்டையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். இழுப்பது சற்றே கீழிறங்கி, அடைத்த தொண்டை மாதிரி கேட்டால், நீங்கள் தெரியாமலே நாக்கையும் தாடையையும் இறுக்கி சுரத்தை வளைக்கிறீர்கள். தாடையைத் தளர்த்தி, கொட்டாவி விடும் வாக்கில் தொண்டையைத் திறந்து இழுங்கள். பலத்தைக் கூட்டாதீர்கள், கூட்டினால் இன்னும் அடைக்கும்.

இவ்வளவுக்கும் சரியாகவில்லை, நன்றாக வாசிக்கத் தெரிந்த இன்னொருவர் வாசித்தாலும் அதே காற்றுதான் என்றால், சரி, பெட்டியைத் திறக்கலாம். கீழ் மூடியின் ரெண்டு ஸ்க்ரூவை எடுங்கள். ரீடுகள் மேலும் கீழுமாக இரண்டு உலோகத் தட்டுகளில் பதிந்திருக்கும்; இழுக்கும் ரீடுகள் கீழ்த்தட்டில், வெளிப்பக்கமே இருக்கும். அந்த வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஊதும் ரீடுகள் மேல்தட்டின் உள்ளே ஒளிந்திருப்பதால் அவற்றைத் தாழ்த்துவது பெரும்பாடு. பெட்டியைத் திருப்பிப் பிடித்ததும் எண் குழம்பும், அதனால் நீளத்தைப் பாருங்கள்: மிக நீளமான ரீடு 1, அடுத்தது 2.

நல்ல வெளிச்சத்தில், நகைப் பத்தரிடம் இருப்பது போன்ற லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, பக்கவாட்டில் பாருங்கள். ரீடின் நுனி தட்டை விட்டு லேசாகத் தூக்கி நிற்கும். அந்த இடைவெளி ஏறத்தாழ ரீடின் தடிமன் அளவு இருந்தால் போதும். கீழ் சுரங்களுக்குக் கொஞ்சம் கூடுதல். பக்கத்து ரீடுகளைவிட உங்கள் 2-ஆம் ரீடு அதிகம் தூக்கி நின்றால், மெதுவாக இழுக்கும் காற்று அதை ஆட்டாமலே நழுவிப் போகும். மழுங்கிய பல்குச்சியால், ரிவெட்டுக்கு (ரீடைத் தட்டோடு பிணைக்கும் ஆணி) பக்கத்தில் தொடங்கி, லேசாக அழுத்தி விடுங்கள். வாசித்துப் பாருங்கள். மறுபடி ஒரு துளி. அவசரப்பட்டு ஒரே அழுத்தாக அழுத்தினால் இடைவெளி செத்துப்போய், பலமாக இழுத்ததும் ரீடு நின்றுவிடும். கத்தி, ஊசி எதுவும் ஆகாது. ரீடைச் சுரண்டினால் சுருதியே மாறிவிடும்.

தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ரீடு அதன் பள்ளத்தில் நடுவில் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தட்டை இறுக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் காற்று கசியும்.

ஒரு விஷயம் கூடவே சொல்லிவிடுகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலோ, வீட்டில் ஐயா காலத்துச் சாமான்களிலோ பழைய இரட்டை வரிசை மவுத் ஆர்கன் கிடைத்திருந்தால், இந்த வைத்தியம் அப்படியே பொருந்தாது. அதில் ஒரு சுரத்துக்கு ரெண்டு ரீடு, சற்றே விலகிய சுருதியில். அதனால்தான் சுரம் அலையலையாக நடுங்கிக் கேட்கிறது. தூசியில் ஒன்று சிக்கினாலும் அலை போய் மெலிந்து கேட்கும். ரீடுத் தட்டுகளுக்கு இடையில் இருக்கும் நடுச்சட்டம் மரமாக இருந்தால் தண்ணீரில் ஊறப்போடவே கூடாது, மரம் உப்பிக்கொள்ளும். ஆணி அடித்த பெட்டியாக இருந்தால் நீங்கள் பிரிக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தம்பி, பெட்டியைத் திறக்கும் முன் 2, 3 துளைகளைத் தனித்தனியாக இழுத்துப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன். கடைக்காரர் மாற்றித் தருவதாக இருந்தால் ஸ்க்ரூவில் கீறல் படாமல் இருப்பதும் நல்லதுதானே.