எச் டூ ஓவில் இறங்காத 2

சரி, அடுத்த கேள்வி. "வேர்டில் எச் டூ ஓ அடித்து, 2-ஐ மட்டும் மவுஸால் பிடித்து சப்ஸ்கிரிப்ட் ஆக்குகிறேன், பாதிப் பொழுது இதிலேயே போகிறது, அதையே மெசேஜில் பேஸ்ட் செய்தால் 2 மறுபடி பெரிதாகிவிடுகிறது" என்கிறீர்கள். நீங்களாவது பரவாயில்லை, எழுத்தளவைக் குறைத்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள், அதில் எண் சின்னதாகுமே தவிர கீழே இறங்காது.

முதலில் மவுஸை விடுங்கள். எச் அடித்ததும் கன்ட்ரோலும் சமக்குறியும் சேர்த்து அழுத்துங்கள், 2 அடியுங்கள், மறுபடி அதே விசைகள், அப்புறம் ஓ. அவ்வளவுதான். அயனியின் மின்சுமை மேலே ஏற வேண்டுமென்றால் கூடவே ஷிப்ட். லிப்ரே ஆபீஸில் இறக்க கன்ட்ரோல் ஷிப்ட் பி, ஏற்றவும் கன்ட்ரோல் ஷிப்ட் பி! தமிழில் சொன்னால் இரண்டும் பி தான், என்ன செய்ய. இறக்க பாட்டத்தின் பி (B), ஏற்ற பவரின் பி (P).

இப்போது பேஸ்ட் விஷயம். நீங்கள் அடித்தது சாதாரண 2 தான், அதைக் கீழே இறக்கிக் காட்டுவது வேர்டின் ஃபார்மேட்டிங். வெறும் எழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் இடத்தில் அது கழன்றுவிடும். அங்கே, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் யூனிகோடில் ஏற்கெனவே இருக்கும் குட்டி 2 வேண்டும். விண்டோஸ் வேர்டில் எச் அடித்து, ஒட்டியே அதன் குறியீடான 2082 அடித்து, ஆல்ட்டும் எக்ஸும் அழுத்துங்கள். 2080 முதல் 2089 வரை, சுழியத்திலிருந்து ஒன்பது வரை இருக்கிறது. குளுக்கோஸ் எழுதும்போது மட்டும் கவனம்: 6-க்கு முன்னால் வரும் சி என்ற எழுத்தும் இந்தக் குறியீடுகளை எழுதப் பயன்படும் பதினாறடிமான எண்களில் (0 முதல் 9, A முதல் F) ஒன்று, வேர்ட் அதையும் குறியீட்டோடு சேர்த்து விழுங்கிவிடும். நான் இதில் மாட்டிக்கொண்டு கீபோர்டு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். 2086-ஐ மட்டும் தேர்வு செய்துவிட்டு ஆல்ட் எக்ஸ் அழுத்தினால் சரியாக வரும்.

சல்பேட் அயனியில் 4-க்கு நேர் மேலே மின்சுமை நிற்க வேண்டுமென்றால் ஆல்ட்டும் சமக்குறியும் அழுத்தி ஈக்வேஷன் பெட்டிக்குப் போங்கள், எழுத்துகள் சாய்ந்து வரும், நார்மல் டெக்ஸ்ட் கொடுத்து நிமிர்த்துங்கள், தனிமக் குறியீடு சாயக்கூடாது. அப்புறம், ஆர்வக்கோளாறில் எல்லா எண்ணையும் இறக்கிவிடாதீர்கள். மயில்துத்தத்தின், அதாவது காப்பர் சல்பேட்டின் வாய்பாட்டில் புள்ளிக்குப் பின் வரும் 5 நீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கை, அது பெரிதாகவே இருக்கட்டும்.