பச்சை பிடிச்ச தடாகத் தண்ணிய அவசரப்பட்டு இறைச்சிராதீங்க

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நான் கட்டாரில 14 வருஷம் நீச்சல் தடாகம் பராமரிக்கிற வேலை செஞ்சிட்டு இப்ப மட்டக்களப்பு கல்லடியில அதே வேலைதான் செய்யிறன். கனகாலம் பூட்டிக் கிடந்த வீட்டுத் தடாகத்த எப்பிடித் திருப்பிச் சரிக்கட்டுறது எண்டு கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டாங்க. வளவுக்குள்ள தடாகம் இல்லாத ஆக்கள் ரேடியோவ மாத்திராதீங்க, இதில பாதி நம்மட கிணத்துக்கும் பொருந்துற கதை.

நம்மட பக்கம் இப்ப வெளிநாட்டு ஆக்கள்ட வீடுகள்ல தடாகம் கட்டுறது கூடிட்டு. கட்டிப்போட்டுப் போவாங்க, அஞ்சாறு வருஷம் வரமாட்டாங்க. போன மாரிக்கு ஒரு அண்ணன் கனடாவில இருந்து வந்து எனக்குக் கோல் எடுத்தார், மகள்ட கலியாணம் தை மாசம், வந்து கேட்டத் துறந்தா தடாகம் முழுக்கப் பச்சை, மேல தென்னோலை, குரும்பட்டி, வேப்பமிலை, ஒரு பக்கத்தால தவளை கத்துது. "தம்பி, நாளைக்கே பெரிய மோட்டராக் கொண்டு வந்து அவ்வளவு தண்ணியையும் இறைச்சி ஊத்து, உரஞ்சிக் கழுவி புதுத் தண்ணி விடுவம்" எண்டார்.

நான் சொன்னன், அண்ணன், இந்தக் கார்த்திகையில இறைக்க ஏலாது எண்டு. அவருக்குக் கோபம் வந்துட்டு. காசக் கூட்டிக் கேக்கிறதுக்குக் கதை சொல்றான் எண்டு நினைச்சிட்டார் போல. சரி எண்டு மம்பட்டிய எடுத்து, தடாகத்துக்கு ஒரு பத்தடி தள்ளி முருங்கை மரத்துக்குக் கிட்ட ஒரு குழி வெட்டினன். ஒண்டரை அடிகூடப் போகல்ல, மணலுக்குள்ள இருந்து தண்ணி ஊறி வந்து மம்பட்டி அலகு மறைஞ்சிட்டு. அவர் குனிஞ்சி பாத்திட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் பேசல்ல.

இதத்தான் நான் போற இடமெல்லாம் சொல்றன், இண்டைக்கும் ரெண்டு மூணு தரம் சொல்லுவன். நம்மட ஊர் எங்க இருக்கு? ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில ஒரு மணல் திட்டி. மாரியில நிலத்துக்குள்ள தண்ணி மேல வந்து நிக்கும். வெறும் வாளி ஒண்ட எடுத்து கிணத்துத் தண்ணிக்குள்ள நேரா அமுக்கிப் பாருங்க, கையத் தள்ளிக்கிட்டு மேல வரும். வாளிக்குள்ள தண்ணி நிறைஞ்சி இருந்தா வராது. தடாகமும் மண்ணுக்குள்ள இருக்கிற ஒரு பெரிய வாளிதான். எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், சராசரி ஒண்டரை மீட்டர் ஆழம் எண்டா 48,000 லீட்டர், 48 டொன் பாரம். அந்தப் பாரம்தான் தடாகத்த நிலத்தோட அமத்தி வெச்சிருக்கு. அத இறைச்சிட்டா, கீழ இருக்கிற தண்ணி சும்மா இருக்குமா?

நான் கண்ணால கண்டிருக்கன். வாவிக்கரைப் பக்கம் ஒரு வீடு, இடம் சொல்லல்ல, பைபர் தடாகம். ஆரோ சொன்னாங்க எண்டு பின்னேரம் முழுக்க இறைச்சி முடிச்சி, காலையில கழுவுவம் எண்டு போய்ப் படுத்திட்டாங்க. இரவு முழுக்க மழை. விடியக் கூப்பிட்டாங்க, போய்ப் பாத்தன், தடாகம் ஒரு பக்கமா ஒரு சாண் எழும்பி நிக்குது, பைப் எல்லாம் முறிஞ்சி, சுத்தி வெச்ச கல்லெல்லாம் பிரண்டு, கீழ போன இடைவெளிக்குள்ள சேத்துத் தண்ணி. அந்த வீட்டு அம்மா திண்ணையில இருந்து அழுறா. பிறகு அத இருந்த மாதிரி இருத்தவே ஏலாமப் போயிட்டு. கொங்கிறீட் எண்டா எழும்பாது எண்டு நினைக்காதீங்க, அதுவும் எழும்பும், இல்லாட்டி அடி வெடிக்கும். சில தடாகத்துக்கு அடியில நிலத்துத் தண்ணிய உள்ள விடுற ஒரு வால்வு வைப்பாங்க, ஆனா வருஷக்கணக்கா சேறு பிடிச்ச வால்வ நம்ப ஏலாது.

கிணத்துக் கதைக்கும் வாறன். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறெல்லாம் உப்பாப் போனது ஞாபகம் இருக்கும். உப்பு போகட்டும் எண்டு மோட்டரப் போட்டு இறை இறை எண்டு இறைச்சம். கடுமையா இறைச்ச கிணத்துல கீழ இருந்து இன்னும் உப்புத்தான் ஏறி வந்திச்சி, ஏனெண்டா நம்மட நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிசா மிதந்துகிட்டு இருக்கிற தண்ணி. கடைசியில உப்பக் குறைச்சது மாரி மழைதான். இந்த மண்ணுல தண்ணிய எடுக்க முதல் கீழ என்ன நிக்குது எண்டு பாக்கணும், அவ்வளவுதான்.

சரி, இறைக்காம என்ன செய்யிறது? அந்த அண்ணன்ட வீட்டுல செஞ்சதச் சொல்றன். முதல் வேலை, கரண்ட மெயினில அமத்தினது. அடுத்தது குப்பை. வலையால ரெண்டு நாள் அள்ளினம், அடியில கறுத்து ஊறிப்போன இலை இருபது வாளிக்கு மேல. இலைய விட்டுட்டுக் குளோரினப் போட்டா, குளோரின் அந்த இலையோட மல்லுக்கட்டியே முடிஞ்சி போகும், பாசிக்கு மிச்சம் இருக்காது. தண்ணிய ஒரு போத்தல்ல அள்ளி வெளிச்சத்துக்குப் பிடிச்சிப் பாத்தா நுளம்புக் குடம்பி நெளியுது. முட்டையில இருந்து நுளம்பாகிப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும், டெங்குக் காலத்துல பக்கத்து வீட்டுப் புள்ளைகளுக்கு அது எவ்வளவு ஆபத்து எண்டு யோசிங்க.

பிறகு மோட்டரக் கழட்டிப் பாத்து, சீல் மாத்தி, மணல் பில்டரத் துறந்தா மணல் கட்டியா இறுகிக் கிடக்கு, அதையும் மாத்தினம். பிறகுதான் குளோரின். கிணத்துக்குப் போடுற டீசீஎல் தூள், அதான் பிளீச்சிங் பவுடர், நம்ம எல்லாருக்கும் தெரியும், அதுல மூண்டில ஒரு பங்கு மாதிரித்தான் குளோரின், பக்கெட் உடைச்சி வெச்சா அதுவும் குறைஞ்சிரும். 48,000 லீட்டருக்கு 10 பிபிஎம், எண்டா ஒரு லீட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின், ஏத்த ஒண்டரைக் கிலோ தூள் வேணும். வாளியில முதல் தண்ணி, பிறகு தூள், கலக்கித் தெளிய விட்டு மேல்தண்ணிய மட்டும் ஊத்துங்க. அதுவும் பொழுதுபட்ட பிறகு, பகல்ல ஊத்தினா வெயில் குடிச்சிரும். பிஎச்சையும், எண்டா தண்ணிட அமில, கார அளவையும் பாருங்க, 7.2க்கும் 7.8க்கும் இடையில நிக்கணும், 8க்கு மேல போனா போட்ட குளோரின்ல கால்வாசிகூட வேலை செய்யாது. சுவரெல்லாம் பிரஷ்ஷால உரஞ்சி, மோட்டர் இரவு பகலா ஓடணும், பில்டர்ல பிரஷர் ஏற ஏறத் திருப்பிக் கழுவி விடணும்.

மூண்டாம் நாள் பச்சை போய்ச் சாம்பல் நிறமாகிட்டு. அண்ணன் பயந்துட்டார், பழுதாக்கிட்டீங்களோ எண்டு. பாசி செத்தா அப்பிடித்தான், பில்டர் அத மெல்ல மெல்ல எடுக்கும் எண்டன். பிறகு பால் கலந்த மாதிரி, பிறகு நீலம். ஒம்பதாம் நாள் ஆழமான பக்கம் ஒரு பத்து ரூபாக் குத்தியப் போட்டு, மேல நிண்டு பாத்தன், குத்திட விளிம்பு மூலை மூலையாத் தெரியுது. அண்ணன் பேரனக் கூப்பிட்டு, எங்க குத்தி, காட்டு பாப்பம் எண்டார், புள்ள உடனே காட்டிட்டான். அடி தெரியாத தண்ணிக்குள்ள ஆரையும் இறக்கக்கூடா, விழுந்த புள்ளையத் தேடி எடுக்க ஏலாது.

முழுக்க இறைச்சே ஆகணும் எண்டா ஆவணி, புரட்டாதியில, நிலத்துத் தண்ணி கீழ போன பிறகு. அப்பவும் பக்கத்துல குழி வெட்டிப் பாத்திட்டு.

மணிக்கூட்டக் காட்டுறாங்க, வேலியப் பத்தியும் கரண்டப் பத்தியும் விரிவாச் சொல்லத்தான் எழுதிக் கொண்டு வந்தன், நேரம் இல்ல, ஓடி ஓடிச் சொல்றன். ஆள் இல்லாத வீட்டுத் தடாகத்தச் சுத்தி வேலியும் பூட்டுப் போட்ட கேட்டும் கட்டாயம். கரண்ட் ஒழுகினாத் தானா அமத்துற ட்ரிப் சுவிச் இல்லாம மோட்டரப் போடவேணாம். டீசீஎல் தூளையும் குளோரின் வில்லையையும் ஒரே வாளிக்குள்ள போடாதீங்க, தீப்பிடிக்கும், வெடிக்கும். குளோரினையும் ஆசிட்டையும் ஒரே அறையில வைக்காதீங்க, ரெண்டும் சேந்தா நச்சு வாயு. குழி வெட்டுறத மறந்திராதீங்க, மம்பட்டி ஒண்டு போதும். போயிட்டு வாறன், வணக்கம்.