ரெண்டு நிமிஷம் பாடத்தை நிறுத்துங்க

(காட்சி: பத்தாம் வகுப்பு. சுவர்க் கடிகாரத்தில் மணி 2.25. மின்விசிறிச் சத்தம்.)

மதிய சாப்பாடு முடிஞ்சு ரெண்டாவது பீரியட். போர்டுல இருபடிச் சமன்பாடு. மூணாவது பெஞ்சுப் பொண்ணு கன்னத்துல கை வச்சு போர்டையே பாத்துக்கிட்டிருக்கா, ஆனா நோட்டுல அஞ்சு நிமிஷமா ஒரு வரி கூட ஏறல. கடைசி பெஞ்சுப் பையன் பேனா மூடியைக் கழட்டி மாட்டிக்கிட்டிருக்கான். "இங்க கவனிங்க!"ன்னு டீச்சர் சத்தம் போட்டதும் எல்லாத் தலையும் நிமிருது. ஒரு நிமிஷம் கூட நிக்கல.

இதுக்கு சோம்பேறித்தனம்னு பேர் வைக்காதீங்க. பருவ வயசுல, தூக்கத்தைக் கொண்டு வர்ற மெலடோனின் ராத்திரி தாமதமாத்தான் சுரக்க ஆரம்பிக்கும். பத்து மணிக்கே படுன்னா தூக்கம் வராது. காலையில அஞ்சரைக்கு டியூஷனுக்கு எழுப்பிடுறோம். 8லேருந்து 10 மணி நேரம் தூங்க வேண்டிய பிள்ளை, பாதித் தூக்கத்தோட வந்து உக்காந்திருக்கு.

(காட்சி: கம்ப்யூட்டர் திரை முன் ஒருவர். ஓரத்தில் ஓடும் கடிகாரம்.)

2011ல அமெரிக்காவோட இலினாய் பல்கலைக்கழகத்துல அரிகா, லேராஸ்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. 84 பேர். திரையைப் பாத்து 50 நிமிஷம் ஒரே வேலை. நேரம் போகப் போக பெரும்பாலானவங்களோட கவனம் சரிஞ்சுது. ஒரு குழுவுக்கு மட்டும் நடுவுல ரெண்டே தடவை, கொஞ்ச நேரம், வேற ஒரு சின்ன வேலை குடுத்தாங்க. அவங்களுக்குக் கவனம் கடைசி வரைக்கும் குறையல.

ஏன்? அடுப்படியில தாளிக்கிற வாசனை, உள்ளயே நிக்கிறவங்களுக்குக் கொஞ்ச நேரத்துல தெரியாமப் போயிடும். வாசல் வரைக்கும் போயிட்டு வந்தா மறுபடி தூக்கலா அடிக்கும். ஒரே விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா மனசுக்கும் அப்படித்தான் மரத்துப் போகுதுன்னு அந்த ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க.

வகுப்புக்கு வருவோம். 45 நிமிஷப் பீரியட்ல இருபதாவது நிமிஷம் வாக்குல ஒரு தடவை நிறுத்தினா போதும். தலை சாயறதுக்கு முன்னாடியே நிறுத்தணும், அதுதான் முக்கியம்.

என்ன செய்யலாம்? பதினஞ்சு வயசுப் பிள்ளைங்களை எல்கேஜி பாட்டுக்கு ஆடச் சொன்னா கூசிப் போவாங்க. நான் சொல்றது 'ஏழு'ங்கிற விளையாட்டு. எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும். ஒண்ணுலேருந்து வரிசையா ஆளுக்கொரு எண் சொல்லணும். ஏழோட மடங்கோ, ஏழுல முடியற எண்ணோ வந்தா, சொல்லாம கைதட்டணும். தப்பு வந்தா யாரையும் உக்கார வைக்க வேண்டாம், மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிங்க. 27, 28 அடுத்தடுத்து ரெண்டு கைதட்டு. அந்த இடத்தைத் தாண்டுறதுக்குள்ள வகுப்பே சிரிச்சு முழிச்சுக்கும்.

(காட்சி: ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம்.)

சத்தமே வேண்டாமா? ஜன்னல் வழியா மரத்தைப் பாக்கச் சொல்லுங்க. 2015ல மெல்போர்ன் பல்கலைக்கழகத்துல 150 மாணவர்கள்ல ஒரு பாதிக்கு, சலிப்பான ஒரு வேலைக்கு நடுவுல 40 செகண்ட், செடியும் பூவுமா இருந்த மொட்டைமாடிப் படத்தைக் காட்டினாங்க. மீதிப் பேருக்கு வெறும் கான்கிரீட் மாடி. பச்சையைப் பாத்தவங்க அதுக்கப்புறம் கம்மியாத் தப்பு பண்ணாங்க. நம்ம வேப்பமரத்துக்குக் காசா பணமா?

ஸ்மார்ட் போர்டுல ரீல்ஸ் ஓட விடாதீங்க. அதுலேருந்து பிள்ளைங்களை இழுத்துட்டு வர்றதே பெரும்பாடு. கையைக் காலைக் குறுக்க ஆட்டினா வலது மூளையும் இடது மூளையும் இணையும்னு யாராவது பயிற்சி விக்க வந்தா, அதுக்கு ஆதாரம் கிடையாது. கைகாலை ஆட்டுறது நல்லது, அந்தக் கதை வேண்டாம்.

திரும்பி வர்றதுக்கு ஒரு வழி: கணக்கைப் பாதியில விட்டுட்டு நிறுத்துங்க. ரெண்டு நிமிஷம் ஆனதும் மூணு கைதட்டு, "அடுத்த வரி என்ன?" அவ்வளவுதான். முதல் வாரம் கொஞ்சம் கூச்சலாத்தான் இருக்கும். பொறுத்துக்கங்க.

"சத்தம் போட்டீங்கன்னா இன்னைக்கு பிரேக் கட்"னு மட்டும் சொல்லிடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன். டென்மார்க் பள்ளிப் பிள்ளைங்களோட தேர்வு மதிப்பெண்களை வச்சு 2016ல ஒரு ஆய்வு வந்துச்சு. பொழுது ஏற ஏற மதிப்பெண் இறங்குது, இடைவேளைக்கு அப்புறம் ஏறுது. அதுல அதிகமாப் பலன் அடைஞ்சது மதிப்பெண் குறைவா எடுக்கிற பிள்ளைங்கதான். பிரேக்கை வெட்டினா முதல்ல அடிபடுறது அந்தக் கடைசி பெஞ்சுப் பையன்.

அந்த ஆய்வுல வர்ற இடைவேளை 20லேருந்து 30 நிமிஷம். ரெண்டு நிமிஷம் அதுக்கு ஈடாகாது. அதனால, பப்ளிக் எக்ஸாம் வருதுன்னு பி.டி. சார்கிட்ட பீரியடை வாங்கி வச்சிருந்தீங்கன்னா, இந்த வாரமே திருப்பிக் குடுத்துடுங்க.